வாலுயோவின் வெளிச்சம்

வாலுயோ தன் பிக்கப் வண்டிக்குப் புது ஹெட்லைட் பல்பு மாட்டிய நாளிலிருந்து எங்கள் ஊரில் அவனைத் திட்டாத வாய் இல்லை. தியெங் மலையில் மழைக்காலம் என்றால் மத்தியானம் தாண்டியதும் மூட்டம் இறங்கிவிடும். அந்த நேரத்தில்தான் கோஸும் உருளைக்கிழங்கும் ஏற்றிய வண்டிகள் வோனோசோபோ சந்தைக்கு இறங்கும். காலையில் போன வண்டிகள் கோழி உரம் ஏற்றிக்கொண்டு மேலே வரும். ஒரு வண்டி ஒதுங்கினால்தான் இன்னொன்று போகலாம், அவ்வளவுதான் ரோடு. எதிரே வாலுயோ வந்துவிட்டால் தொலைந்தது. மூட்டம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்துவிடும். முன்னால் இருப்பது ரோடா பள்ளமா என்று தெரியாது. டிம்மில்தான் போட்டிருக்கிறேன் என்பான். அவனுடைய டிம்மே மற்றவர்களின் பிரைட்டைவிட மோசம். நாங்கள் பாக் குரு என்று கூப்பிடும் பள்ளிக்கூட வாத்தியார் ஒருநாள் பைக்கோடு கோஸ் பாத்திக்குள் போய் விழுந்து, சேறு சொட்டச் சொட்ட அவன் வீட்டு வாசலில் வந்து நின்று கத்தினார். வாலுயோவின் மனைவி வார்சினி கதவைப் பாதி திறந்து, "கண்ணு சரியில்லாதவங்க பொழுதோட வீடு போய்ச் சேரணும் பாக் குரு" என்று சொல்லிவிட்டுச் சாத்திக்கொண்டாள்.

வாலுயோவும் அவன் அண்ணன் சாகிமானும் அப்பா கட்டிய ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். நடுவில் பிளைவுட் பலகை அடித்து இரண்டாக்கியிருந்தார்கள். மசூதிப் பக்கம் சாகிமானும் அவன் மனைவி ருமியாத்தியும். கிழங்குக் கிட்டங்கிப் பக்கம் வாலுயோவும் வார்சினியும். கொல்லையில் ஊற்றுத் தண்ணீர் வரும் ரப்பர் குழாய் மட்டும் இரண்டு வீட்டுக்கும் பொது. அந்தக் குழாயை முன்னிட்டு ஓரகத்திகள் இருவரும் போட்ட சண்டைகளை ஊரே கேட்டிருக்கிறது. எங்கள் வீடு அடுத்த வரிசை என்பதால் நான் கொஞ்சம் அதிகமாகவே கேட்டிருக்கிறேன்.

அந்த வருஷம் மழை விடவே இல்லை. கிழங்கில் அழுகல் விழுந்து, தோண்டினால் கையில் கூழாக வந்தது. கோஸை வைத்துத்தான் ஆளாளுக்கு அடுப்பு எரிந்தது. சாகிமான் ஒருநாள் சாயங்காலம் கோஸ் ஏற்றிக்கொண்டு தனியாக இறங்கினான். பைன் மரத்து வளைவில் வண்டி ரோட்டை விட்டு நழுவி, கீழே இருந்த கிழங்கு வயலில் உருண்டது. சரிவு முழுக்கக் கோஸ் சிதறிக் கிடந்தது. அவனை வண்டிக்குள்ளிருந்து இழுத்தெடுத்து, முதுகில் போட்டு மேலே கொண்டுவந்தவன் வாலுயோ. உரம் ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தவன் சத்தம் கேட்டு ஓடினானாம்.

எலும்பு கட்டுகிறவர் வீட்டில் சாகிமானின் தொடையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டும்போது நாங்கள் நிறையப் பேர் வாசலில் நின்றிருந்தோம்.

"என்னாச்சு காங்?" என்று யாரோ கேட்டார்கள். எங்கள் ஊரில் அண்ணனும் காங்தான், புருஷனும் காங்தான்.

"எதுத்தாப்ல ஒரே வெள்ளையா அடிச்சுது. ஒண்ணுமே தெரியல" என்றான் சாகிமான்.

"வேற யாரு? தம்பிக்காரன்தான். அவன்தானே அப்ப மேல வந்துக்கிட்டிருந்தான்?"

சாகிமான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டான். எங்களுக்கு அது போதுமாக இருந்தது. வாலுயோவின் சட்டையெல்லாம் அண்ணனுடைய ரத்தம். "நான் ரெண்டு வளைவு கீழ இருந்தேன். பைன் மரத்துக்கிட்ட வரவே இல்ல" என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னதை ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. அவன் வெளிச்சத்தில் ஒருமுறையாவது கண் கூசிப்போகாதவர் அங்கே யாருமில்லை.

அதற்குப் பிறகு சாகிமான் அடுப்பங்கரை மூங்கில் கட்டிலில் படுத்தே கிடந்தான். எங்கள் ஊர்க் குளிருக்கு அடுப்பைச் சுற்றித்தான் சாப்பாடும் பேச்சும். பார்க்க வந்தவர்கள் தேநீர் குடித்துவிட்டு, கிராம்புச் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு, வாலுயோவின் மேல் ஆளுக்கொரு பழியைச் சேர்த்துவிட்டுப் போனார்கள். அப்படிப் பேசித்தான் ஊற்றடி நிலத்தின் பேச்சு வந்தது. அப்பா பிரிக்காமல் விட்டுப்போன நிலம். கோடையிலும் தண்ணீருக்குத் தட்டில்லாத நிலம். இனிமேல் வண்டி ஓட்ட முடியாத அண்ணனுக்குத் தம்பி தன் பங்கை விட்டுக்கொடுத்துவிட வேண்டும் என்று சாகிமான் ஊர்த்தலைவர் பாக் மிஸ்தாருக்குச் சொல்லியனுப்பினான். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து பேசலாம் என்று அவரும் சொல்லிவிட்டார்.

குழாயடியில் அதற்குள்ளாகவே கூட்டம் நடந்துவிட்டது. ருமியாத்தி மண் ஒட்டிய கோஸைக் கழுவிக்கொண்டிருந்தபோது வார்சினி வாளியைக் கொண்டுவந்து ணங்கென்று வைத்தாள்.

"தண்ணிய விடு. ஊத்தையும் சேத்து வளைச்சுப் போட்டுட்டீங்களா, அதுக்குள்ள?"

"போடத்தான் போறோம். என் புருஷன் கால ஒடிச்சுட்டுத் தண்ணி கேக்க வந்துட்டா."

"ஒடிச்சாரா? தூக்கிட்டு வந்தவரு அவரு. விட்டுட்டு வந்திருந்தா உன் புருஷன் அங்கயே வெறச்சுக் கெடந்திருப்பாரு."

"கண்ண அவிச்சுத் தள்ளிவிட்டவன் தூக்காம வேற யாரு தூக்குவா? ஊரே சொல்லுது."

"ஊரு! எங்க வண்டியப் பாத்து வயிறெரியுற ஊரு. உங்க வண்டி லைட்டு என்னா லட்சணம்? மின்மினிப்பூச்சி அதைவிட நல்லா எரியும். ரோடு தெரியாமத் தானாப் போய் விழுந்துட்டு, அடுத்தவங்க நெலத்துக்கு நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு..."

"வாய அடக்கு வார்சினி. நான் உனக்கு மூத்தவ."

"மூத்தவளா? இத்தினி வருஷம் உன்னைப் போய் அக்கான்னு மதிச்சு யூ, யூன்னு கூப்பிட்டேனே, என்னைச் சொல்லணும். இனிமே உனக்கு வெறும் ருமியாத்திதான்."

"உன் புருஷன் நாசமாப் போவான். அந்த லைட்டே அவனைக் கொண்டுபோய்ப் பள்ளத்துல தள்ளும். நான் பாக்கத்தான் போறேன்."

வார்சினி குழாயைப் பிடுங்கினாள். தண்ணீர் ருமியாத்தியின் முகத்தில் பீய்ச்சி அடித்தது. ருமியாத்தி கையிலிருந்த கோஸை அப்படியே வீசினாள். அது வாளியில் பட்டு வாளி கவிழ்ந்தது. நாங்கள் எங்கள் கொல்லையில் நின்று பார்த்தோம். விலக்கிவிட ஒருத்தரும் போகவில்லை.

வண்டியை வயலிலிருந்து இழுத்து வெல்டிங் பட்டறையில் போட்டிருந்தார்கள். ருமியாத்திக்கு வண்டி ஓட்டத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் அவள் அப்பாவின் லாரியையே ஓட்டியிருக்கிறாள். புருஷன் எழுந்திருக்கும்வரை தானே ஓட்டுவது என்று தீர்மானித்துவிட்டாள். வலது ஹெட்லைட் சில்லுச்சில்லாகப் போயிருந்தது. இடதுபக்க ஹெட்லைட்டில் கீறல்கூட இல்லை. அதே மாதிரி இன்னொன்று வாங்க, அதைக் கழற்றிச் சாக்கில் போட்டுக்கொண்டு மினி பஸ்ஸில் வோனோசோபோவுக்கு இறங்கினாள். அவளுக்கு இன்னொரு எண்ணமும் இருந்தது. சந்தைக்குப் பின்னால் லைட்டுக்கடை வைத்திருக்கும் ஜும்ரிதான் வாலுயோவுக்கு அந்தப் பல்பை விற்றவன். அவனைப் பிடித்து இழுத்து வந்து கூட்டத்தில் பேச வைக்க வேண்டும். இதெல்லாம் பிறகு அவளே எனக்குச் சொன்னது.

"என் கொழுந்தனுக்கு அந்தக் கொள்ளிக்கட்டைய வித்தது நீங்கதானே பாக்?" என்றுதான் ஆரம்பித்தாளாம். "ஒரு குடும்பம் கெட்டுப்போச்சு தெரியுமா?"

ஜும்ரி பொரித்த சோயாத் தெம்பேயைக் கடித்துக்கொண்டே அவளை ஏற இறங்கப் பார்த்தான். "வெளிச்சம் கேக்குறாங்க. வெளிச்சம் விக்கிறேன். குடும்பத்துக்கெல்லாம் நான் என்ன பண்றது? சாக்குல என்ன?"

ஹெட்லைட்டை வாங்கிப் பின்பக்கம் திருப்பி, ரப்பர் மூடியைக் கழற்றிப் பல்பை வெளியே எடுத்தான்.

"இது நல்லாத்தானே இருக்கு. நான் குடுத்த பல்புதான்."

"எங்களுக்கு நீங்க எங்க குடுத்தீங்க?"

"உங்க வீட்டுக்காரருக்குத்தான். குட்டையா, காதுல மச்சம் இருக்குமே, அவருதானே? வண்டி கவுந்ததுன்னு கேள்விப்பட்டேன். அதுக்கு மொத நாள் வந்தாரு. தம்பி போட்டிருக்கிறதவிட ஒரு படி மேல வேணும்னாரு. நானே மாட்டி விட்டேன்."

ருமியாத்தி பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தாள்.

"பொய் சொல்றீங்க."

"பொய் சொல்லி எனக்கு என்ன ஆவப்போவுது? இந்தா பாருங்க." ஜும்ரிக்குக் கோபம் வந்துவிட்டது. கடையின் உள்ளே இருட்டாக இருந்த பக்கம் அவளைக் கூட்டிப்போய், பழைய ரகப் பல்பு ஒன்றை எடுத்துக் காட்டினான். கண்ணாடிக்குள்ளே இழைக்கு அடியில் சின்னதாக ஒரு தகட்டுக் கிண்ணம் இருந்தது. "இது எதுக்குன்னு நெனைக்கிறீங்க? அழகுக்கா?" என்று கேட்டுவிட்டு, அதை ஹெட்லைட்டில் மாட்டிப் பேட்டரியில் கொடுத்தான். எதிர்ச் சுவரில் இடுப்புயரத்துக்குக் கோடு போட்டது போல வெளிச்சம் நின்றது. கோட்டுக்கு மேலே இருட்டு. பிறகு சாகிமானின் பல்பை மாட்டினான். சுவர், கூரை, தொங்கிய ஒட்டடை எல்லாம் வெளுத்துவிட்டன. கோடே இல்லை.

"தகடு இல்ல. அதான் நாலா பக்கமும் எகிறுது. மூட்டத்துல இதைப் போட்டா அம்புட்டு வெளிச்சமும் திரும்பி உங்க மூஞ்சிலயே அடிக்கும். எதுத்தாப்ல வர்றவனுக்கும் கண்ணு போவும், ஓட்டுறவனுக்கும் போவும்."

"அப்ப ஏன் வித்தீங்க?"

"நான் ரிஃப்ளெக்டர மாத்துங்கன்னுதான் சொன்னேன். உள்ள பாருங்க. கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கணும். இது பூச்சு உரிஞ்சு, கரி பிடிச்ச சட்டியாட்டம் கெடக்கு. இதுல என்ன பல்பு போட்டாலும் பாதி வெளிச்சம் உள்ளயே செத்துப்போவும். கேட்டாரா? பல்புதான் வேணும்னாரு. தம்பி வண்டியப் பாத்தா வீட்ல தூக்கம் வரலையாம்."

அவன் ஒரு அட்டையை எடுத்து அவளிடம் கொடுத்தான். "கூரைக்குப் போற வெளிச்சத்த மறைங்க பாப்போம்." அவள் ஹெட்லைட் கண்ணாடியின் மேல்பாதியை மறைத்தாள். கூரை அப்படியே எரிந்தது. ஜும்ரி சிரித்துவிட்டு அட்டையைக் கீழ்ப்பாதிக்குத் தள்ளினான். கூரை அணைந்தது. "கீழ் பாதியில பட்டுத் தெறிக்கிறதுதான் மேல போவுது. தகடு அடியில இருக்குறது அதுக்குத்தான். போங்க, கூட்டத்துக்கெல்லாம் என்னை இழுக்காதீங்க. எனக்கு யாவாரம் இருக்கு."

ருமியாத்தி இரண்டு புது ரிஃப்ளெக்டரும் தகடு வைத்த பழைய ரகப் பல்பு இரண்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினாள். சாகிமானின் பல்பைச் தோள்துண்டில் முடிந்து வைத்திருந்தாள். சாகிமான் அடுப்போரம் சோளச்சோறும் கருவாடும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"காங், அன்னைக்குப் பைன் மரத்துக்கிட்ட வாலுயோ வந்தானா?"

"ஊரே சொல்லுதே."

"ஊர விடு. நீ பாத்தியா?"

சாகிமான் மென்றுகொண்டே இருந்தான். அவள் பல்பை எடுத்து அவன் தட்டின் ஓரத்தில் வைத்தாள். அவன் மெல்லுவதை நிறுத்தினான்.

"வளைவுக்கு வந்ததும் பிரைட்ல போட்டேன்" என்றான் கடைசியில். "பெட்ஷீட்ட விரிச்சுத் தொங்கவிட்ட மாதிரி ஆயிடுச்சு. அவ்வளவுதான் தெரியும்."

"அவன் வரல."

"வரல. இப்ப என்ன? அவனால எத்தனை பேரு விழுந்தாங்க? ஒரு தடவையாவது கேட்டிருக்கானா? இந்தக் கால வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன், சொல்லு. அந்த நெலமாவது வரட்டும். நீயும்தான சாப்பிடப் போற?"

"உன்னைத் தூக்கிட்டு வந்தவன் அவன்."

"பேசாம கெட. இது வெளிய போச்சுன்னா நீ இந்த வீட்ல இருக்க மாட்ட."

அன்றிரவு அவள் பல்பை எடுத்து மறுபடியும் முடிந்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை பாக் மிஸ்தார் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்திருந்தது. தெம்பேயும் தேநீரும் வந்தன. சாகிமானை நாற்காலியோடு தூக்கி வந்தோம். பெண்கள் அடுக்களை வாசலில் நின்றார்கள். வாலுயோ மூலையில் குந்தியிருந்தான். பத்து வயசு கூடிப்போனவன் போல இருந்தான்.

"நான் அந்த வளைவுல இல்ல பாக்" என்றான். "ஆனா, கீழேர்ந்து என் வெளிச்சம் மேல எட்டிச்சோ என்னவோ. ஊரே சொல்றப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. காங்குக்கு நெலம்தான் வேணும்னா..."

"சொல்லாதய்யா!" என்று வார்சினி அடுக்களையிலிருந்து கத்தினாள்.

"அது அவன் வெளிச்சம் இல்ல" என்றாள் ருமியாத்தி.

அவள் பெண்களை விலக்கிக்கொண்டு நடுக்கூடத்துக்கு வந்து, பல்பைப் பாக் மிஸ்தாரின் முன்னால் வைத்தாள். "இது எங்க வண்டியில இருந்தது. மொத நாள்தான் மாட்டினாரு. உள்ள தகடு இல்ல. வெளிச்சம் மூட்டத்துல பட்டு அவரு கண்ணுலயே திரும்பி அடிச்சிருக்கு. வித்தவன் பேரு ஜும்ரி. யாருக்காவது சந்தேகம்னா போய்க் கேட்டுக்கலாம்."

கூடத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. சாகிமானின் முகம் கறுத்தது. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"கேளுங்க பாக். கட்டின புருஷன் கால் ஒடிஞ்சு கெடக்கான். இவ கொழுந்தனுக்கு வக்காலத்து வாங்குறா. ஏன்னு கேளுங்க. நடுவுல இருக்குறது வெறும் பிளைவுட் பலகைதானே?"

தேநீர்க் குவளையை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே வைத்திருந்தார். ருமியாத்தி புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாலுயோ எழுந்தான்.

வார்சினி முன்னால் வந்தாள். முக்காடு நழுவியதைக்கூடச் சரிசெய்யவில்லை.

"பாக் மிஸ்தார், நான் பேசலாமா? நீங்க வேணாம்னாலும் பேசுவேன். இவளும் நானும் இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து மொகம் குடுத்துப் பேசினதில்ல. என் வீட்டுக்காரருக்கு விக்கல் எடுத்தா ஒரு வாய் தண்ணி தர மாட்டா இவ. இந்த வாரம்தான் அவரு நாசமாப் போவணும்னு குழாயடில நின்னு சாபம் விட்டா. இங்க இருக்குற அத்தினி பேரும் கேட்டீங்க. வேடிக்கைதானே பாத்தீங்க? அப்பேர்ப்பட்டவ இன்னைக்கு எங்க பக்கமா ஒரு வார்த்தை சொல்றான்னா அது உண்மையாத்தான் இருக்கணும். பாசத்துல சொல்றதுக்கு எங்க மேல இவளுக்கு ஒரு துளி பாசம் கெடையாது. எனக்கும் இவ மேல கெடையாது. இந்த மூஞ்சியப் பாத்து அசிங்கமாப் பேச உங்களுக்கு எப்படி காங் நாக்கு வந்துச்சு?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு கூடமே சிரித்தது. பாக் மிஸ்தார்கூட மீசையைத் தடவிக்கொண்டார். ருமியாத்தி சிரிக்கவில்லை. சாகிமான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பல்பு வாங்கினியா, இல்லையா?" என்று பாக் மிஸ்தார் அவனைக் கேட்டார்.

"வாங்கினேன்" என்றான். நிலம் முன்போலவே பொதுவில் இருக்கட்டும் என்றானது. வெளியே செருப்பைத் தேடும்போது வார்சினி ருமியாத்தியைத் தாண்டிப்போனாள். "உன்னைக் காப்பாத்தினேன்னு நெனச்சுக்காத. என் வீட்டுக்காரர் மானத்துக்காகப் பேசினேன்" என்றாள்.

"உன்னை யாரு கேட்டா?" என்றாள் ருமியாத்தி.

சாகிமான் மனைவியோடு பேசுவதை நிறுத்திவிட்டான். வீட்டைவிட்டுப் போ என்றும் சொல்லவில்லை. அவள் போனால் சோறு போட ஆளில்லை. அவள் தட்டை வைத்துவிட்டு வெளியே போனபிறகுதான் கையை நனைப்பான். அவள் வண்டியை எடுத்துக்கொண்டு தினமும் இறங்கினாள். புது ரிஃப்ளெக்டரில் அந்தப் பழைய பல்பு மஞ்சளாக, தரையோடு தரையாக எரியும். தூரம் அதிகமில்லை. ரோட்டோரத்து வெள்ளைக் கற்கள் ஒவ்வொன்றாக வரும்.

வாலுயோவுக்குத்தான் தலைக்கனம் ஏறியது. "என் லைட்டு மேல ஒரு குத்தமும் இல்லன்னு ஊர்க்கூட்டத்துலயே தெரிஞ்சுபோச்சு" என்று டீக்கடையில் எல்லோரிடமும் சொன்னான். பல்பை மாற்றவில்லை. பாக் குரு பைக்கை விட்டு நடக்க ஆரம்பித்திருந்தார்.

ஒருநாள் என் கோஸையும் ருமியாத்தியின் வண்டியில்தான் ஏற்றியிருந்தேன். அவள் பக்கத்து இருக்கையில் இருந்தேன். பைன் மரத்து வளைவை நெருங்கும்போது எதிரே மூட்டம் வெளுத்தது. ருமியாத்தி வண்டியை நடுரோட்டில் நிறுத்தி, இன்ஜினையும் அணைத்தாள். வாலுயோ ஹாரன் அடித்தான். மறுபடியும் அடித்தான். பிறகு இறங்கி வந்தான்.

"யூ, வழிய விடுங்க. மழை வருது."

"லைட்ட அணை."

"அணைச்சா எனக்கு எப்படி ரோடு தெரியும்?"

"எனக்கு இப்பத் தெரியல. அதுக்கு என்ன சொல்ற?"

"நீங்கதானே ஊர்க்கூட்டத்துல சொன்னீங்க, என் வெளிச்சத்து மேல தப்பில்லன்னு?"

"அன்னைக்கு இல்ல. இன்னைக்கு இருக்கு."

அவள் இறங்கினாள். ரோட்டோர ஓடைக்கரையில் குனிந்து இரண்டு கையிலும் சேற்றை அள்ளிக்கொண்டு அவன் வண்டிக்கு எதிரே போய் நின்றாள். அந்த வெளிச்சத்தில் அவள் வெறும் கறுப்பு உருவமாகத் தெரிந்தாள். ஒரு ஹெட்லைட்டின் கீழ்ப்பாதியில் சேற்றை அப்பினாள்.

"என்னா பண்றா அவ? தடுய்யா!" என்று அவன் வண்டிக்குள்ளிருந்து வார்சினி கத்தினாள். வாலுயோ இரண்டடி முன்னால் வந்தான்.

"தொடு பாப்போம்" என்றாள் ருமியாத்தி, திரும்பிக்கூடப் பார்க்காமல். அவன் நின்றுவிட்டான்.

"மேலதானே அடிக்குது? கீழ போய் பூசுறீங்களே..."

"வித்தவனப் போய்க் கேளு."

அடுத்ததிலும் அப்பினாள். எங்கள் முன்னால் தொங்கிய வெள்ளைச் சுவர் அப்படியே கீழே அமுங்கியது. இரண்டு வண்டிக்கும் நடுவில் ஈரத் தார் தெரிந்தது. ஓரத்துக் கற்கள் தெரிந்தன. வாலுயோ தன் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து கண்ணாடி வழியே கொஞ்ச நேரம் பார்த்தான். வார்சினி அவனிடம் என்னவோ சொல்லிக் கையால் முன்னால் தெரிந்த கற்களைச் சுட்டிக்காட்டினாள். அவனும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தான்.

ருமியாத்தி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஏறினாள். வண்டியைப் பின்னால் எடுத்து ஒதுக்கினாள். வாலுயோவின் வண்டி உரசுகிற மாதிரி எங்களைத் தாண்டியது. வார்சினி எங்களைப் பார்க்காமல் மறுபக்கம் திரும்பியிருந்தாள்.

"தொடச்சுடுவான்" என்றேன் நான்.

ருமியாத்தி சைடு கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே ஏறிய வெளிச்சம் எங்கும் நிற்காமல் முதல் வளைவைத் தாண்டியது, இரண்டாவதையும் தாண்டியது. பைன் மரங்களின் உச்சி கடைசிவரை இருட்டாகவே இருந்தது. அவள் கியரைப் போட்டாள்.